அப்பாவின் கால்விரல் கறுத்துவிட்டது, எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

முசிறி மைந்தன் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், வாயைத்தான் கட்ட மாட்டார். போன மாதம் இடது காலில் இரண்டாவது விரல் நுனியில் செருப்பு உரசி ஒரு சின்னப் புண் வந்தது. அது ஆறவில்லை. இப்போது விரல் முழுக்கக் கறுத்து, மிளகாய் வற்றல் போலச் சுருங்கிவிட்டது. சீழ் இல்லை, வாடை இல்லை, காய்ச்சலும் இல்லை. விரலைக் கிள்ளினால்கூட தெரியவில்லை என்கிறார்.

பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். இது கேங்ரீன், அடுத்த வாரம் விரலை எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். மூன்று மாத சராசரி சர்க்கரை 10.2, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6. இரண்டுமே அதிகம்.

பெரியப்பா வந்து, "விரலில் கத்தி வைத்தால் தொடை வரை போகாமல் நிற்காது" என்று தனக்குத் தெரிந்த நாலு பேர் கதையைச் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா பச்சிலைக் கட்டு போடுகிற ஒருவரிடம் போகலாம் என்கிறார். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

இன்னொரு விஷயம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. சில மாதமாகவே டீக்கடை வரை நடந்தால் பாதி வழியில் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், மறுபடி நடப்பார். ராத்திரி பாதம் காந்துகிறது என்று காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார் அம்மா.

விரலை எடுக்கலாமா, காத்திருக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

தம்பி, சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை என்று கடைசியில் போட்டிருக்கிறீர்களே, விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நான் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஆண்கள் அறுவை வார்டில், அதிலும் கட்டு மாற்றும் அறையில். நான் டாக்டர் இல்லை, ஆனால் சர்க்கரைக் கால்களைப் பார்த்துப் பழகியவள். உங்கள் அப்பாவின் காலைப் பார்க்காமல் எடு, எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. படுத்தால் பாதம் காந்துகிறது, தொங்கப் போட்டால் தணிகிறது. இது வயது இல்லை. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டிய அடையாளம். நடக்கும்போது தசை கூடுதல் ரத்தம் கேட்கும், அடைபட்ட குழாயால் கொடுக்க முடியாது. படுத்துவிட்டால், காலைத் தொங்கப் போட்டபோது கீழிழுப்பால் இறங்கிக்கொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடும். சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் ராத்திரி எரிச்சல் வரும், ஆனால் அது காலைத் தொங்கப் போட்டதும் இப்படித் தணியாது. வார்டில் யாருடைய கால் கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது என்று ராத்திரி ரவுண்டில் பார்த்தாலே போதும், கேஸ் ஷீட்டைப் புரட்டாமலே பாதி தெரிந்துவிடும்.

அதனால் விரலைப் பற்றிய கேள்வி இரண்டாவது. முதலில் "பாதத்துக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு இருக்கிறது, அதைப் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். பார்க்காமலே வெட்டத் தேதி கொடுத்திருந்தால், அதற்கு முன்னால் ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வெட்டிய இடம் ஆற வேண்டுமானால் அங்கே ரத்தம் வந்தாக வேண்டும். வராவிட்டால் தையல் போட்ட ஓரமே கறுக்கும். கொஞ்சம் மேலே எடுப்பார்கள், அதுவும் கறுக்கும். உங்கள் பெரியப்பா சொன்ன நாலு பேரில் சிலருக்காவது இப்படித்தான் நடந்திருக்கும். பழி கத்தி மேல் போய்விடுகிறது, அடைப்பைத் திறக்காமல் விட்டதை யாரும் பேசுவதில்லை.

இப்போதைக்கு உங்கள் அப்பாவுடையது காய்ந்த கேங்ரீன் மாதிரி இருக்கிறது. ரத்தம் போகாமல் திசு செத்து, கறுத்து, வற்றிப் போவது. செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவில் நாளாக ஆக ஒரு கோடு தெளிவாகத் தெரியும். சில நேரம் டாக்டர்களே அந்தக் கோடு விழும்வரை காத்திருப்பார்கள், சில விரல் தானாகவே கழன்று விழுவதும் உண்டு. அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: காய்ந்த விரலை வெட்ட அவசரம் இல்லாமல் இருக்கலாம், ரத்த ஓட்டத்தைப் பார்க்க அவசரம் உண்டு. நாட்களில் கணக்கு வையுங்கள், மாதங்களில் இல்லை.

ஈரக் கேங்ரீன் வேறு ஜாதி. அதில் கிருமி புகுந்துவிட்டது. பாதம் வீங்கும், சிவக்கும், கொப்புளம் வரும், நீர் கசியும், வாடை வரும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணமே இல்லாமல் சர்க்கரை 400-க்கு ஏறுவது, ஆள் சம்பந்தமில்லாமல் பேசுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். வயதான சர்க்கரைக்காரர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் உள்ளே சீழ் பரவும், அதனால் வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். ஈரமானதில் வரிசை மாறிவிடும். முதலில் சீழைத் திறந்துவிட்டு, செத்ததை எடுத்து, ஊசியில் ஆன்டிபயாட்டிக் போட்டு உயிரைக் காப்பாற்றுவார்கள், ரத்த ஓட்டத்தை உடனே அடுத்ததாகப் பார்ப்பார்கள். தோலை அழுத்தும்போது உள்ளே காற்றுக்குமிழ் நொறுங்குவது போலத் தெரிந்தால் அது இன்னும் மோசம், மணிக்கணக்கில் பரவக்கூடியது.

பரிசோதனை பற்றி. டாக்டர் முதலில் புறங்காலிலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார். அப்புறம் கணுக்காலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் எடுத்து, அதைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பல வருட சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போயிருக்கும், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. அப்போது எண் 1.4-க்கு மேல் போகும். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. கால்விரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள், ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் செய்யச் சொல்லுங்கள். கட்டை விரலில் அழுத்தம் 30-க்குக் கீழே இருந்தால் ஆறுவது மிகவும் சிரமம். ஆஞ்சியோ, அதாவது சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படம் எடுப்பது, என்று சொன்னால், கிரியாட்டினின் 1.6 என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள், சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அடைப்புக்குத் தகுந்த மாதிரி பலூன் விட்டு விரிப்பார்கள், இல்லையென்றால் அவர் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுப் பாதை போடுவார்கள்.

அதுவரை வீட்டில்: விரலை ஈரமாக்காதீர்கள். எண்ணெய், பச்சிலை, மஞ்சள் பத்து எதுவும் வேண்டாம். காய்ந்ததை நனைத்தால் ஈரக் கேங்ரீனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். பக்கத்து விரலில் ஒட்டாமல் இடையில் காய்ந்த காஸ் துணி வையுங்கள், மேலே இறுக்கிக் கட்ட வேண்டாம். குளிர்கிறது என்று வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, சூடு தெரியாத கால் வெந்துபோகும். வீக்கத்துக்குத் தலையணை வைத்துக் காலை உயர்த்தச் சொல்லும் உறவினர்கள் வருவார்கள், அடைப்புள்ள காலுக்கு அது ஆகாது.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை ஏதாவது உண்டா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

செலவுக்கு யோசித்தால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜியிலும் ரத்தநாள அறுவைக்குத் தனித் துறையே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்குள் இருந்தால் 5 லட்சம் வரை. ஓய்வூதியம் வருவதால் நீங்கள் அதில் வருவீர்களா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.


வேம்பு எழுதியது:

சிஸ்டர் பச்சிலையை ஒரேயடியாக ஒதுக்குவது சரியில்லை. என் அத்தைக்கு உள்ளங்காலில் ரூபாய் அகலத்துக்குப் புண். ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் அலைந்தும் ஆறவில்லை. எங்கள் ஊர் வைத்தியர் எண்ணெய் போட்டு, எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்கவைத்தார். ரெண்டு மாதத்தில் மூடிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

ஐயா, உங்கள் அத்தைக்கு ஆறியது நிஜம்தான், நான் மறுக்கவில்லை. பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்கவைத்தார். உள்ளங்காலில் வரும் புண் பெரும்பாலும் உணர்ச்சி போன காலில், அழுத்தம் விழுகிற இடத்தில் வருவது. வலி தெரியாததால் அதன் மேலேயே நடப்பார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் காலில் அந்த எடையை இறக்கிவிட்டாலே புண் மூடும். மருத்துவமனையில் அதற்காகவே மாவுக்கட்டு போல ஒன்று போட்டு எடையைப் பிரித்துவிடுவார்கள். அத்தைக்கு அந்த வைத்தியர் செய்த நல்ல காரியம் அதுதான்.

தம்பியின் அப்பாவுக்கு இருப்பது கறுத்த விரல், ரத்தம் போகாத கால். எந்த எண்ணெயும் அடைப்புக்கு உள்ளே போய் வழி திறக்காது. இரண்டையும் சர்க்கரைப் புண் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்கும் கேட்கும் என்று நினைக்கிறோம்.


பழைய பீடி எழுதியது:

சிஸ்டர் புகையிலை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை கிடையாது, கொழுப்பும் கிடையாது. லாரி ஓட்டினேன், ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. முப்பத்தாறு வயதில் வலது காலில் சுண்டுவிரல் நீலமாகி, கறுத்து, அதற்கடுத்த விரலும் போனது. வலி என்றால் அப்படி ஒரு வலி, ராத்திரி முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பர்ஜர் நோய் என்றார்கள். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற டாக்டர் 1908-ல், வெட்டி எடுத்த கால்களின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்து எழுதியதால் அந்தப் பெயராம். கை கால்களின் சின்ன ரத்தக்குழாய்கள் புகையிலையால் அழற்சி பிடித்து, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். குழாய் நுனி வரை கெட்டிருப்பதால் மாற்றுப் பாதை போடவும் பலருக்கு இடம் இருக்காதாம்.

டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: பீடியா, காலா? குறைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினேன். ஒன்றுகூடக் கூடாது, மெல்லுகிற புகையிலையும் கூடாது என்றார். விட்டேன். ரெண்டு விரலோடு நின்றது. என்னோடு பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விடவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், அப்புறம் அடுத்த காலும். முசிறி தம்பி, உங்கள் அப்பாவுக்கு இந்த நோய் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வெற்றிலைப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.


தென்காசிக்காரி எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் மகன், எட்டு வயது, நேற்று மாமரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று காலையிலிருந்து விரல்கள் வீங்கி வெளிறியிருக்கின்றன. விடாமல் அழுகிறான், விரலை நிமிர்த்தினால் துடிக்கிறான். கட்டு போட்டால் முதலில் வலிக்கத்தான் செய்யும் என்கிறார் வைத்தியர். இதுவும் கேங்ரீன் ஆகுமா?


ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

ஆகும் அம்மா. இதைப் படித்த நொடியே கட்டை வெட்டிவிடுங்கள். மேல் துணியோடு நிறுத்தாதீர்கள், உள்ளே உள்ள பஞ்சு, பட்டை எல்லாம் திறக்க வேண்டும், தோல் தெரிய வேண்டும். கையை ஆட்டாமல், நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு எலும்பு சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சாப்பாடு, தண்ணீர் கொடுக்க வேண்டாம், அறுவை தேவைப்படலாம். இறுகிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்தம் நின்றுவிடும், ஆறு மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். விரலை நிமிர்த்தினால் துடிக்கிறான் என்றீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வைத்தியரிடம் மறுபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். போய்விட்டு எழுதுங்கள்.


தென்காசிக்காரி எழுதியது:

போய்ச் சேர்ந்துவிட்டோம். கட்டை வெட்டியபோதே கொஞ்சம் நிறம் திரும்பியது. உள் அழுத்தம் குறைய முழங்கைக்குக் கீழே தோலையும் தசையைச் சுற்றியுள்ள உறையையும் கீறித் திறந்து விட்டிருக்கிறார்கள், எலும்புக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். விரல்கள் பிழைத்துவிடும் என்றார் டாக்டர். அண்ணி உங்களைக் கும்பிட்டுச் சொல்லச் சொன்னார்.


முசிறி மைந்தன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். தேதியைத் தள்ளிவைத்துவிட்டுத் திருச்சியில் ஒரு ரத்தநாள நிபுணரிடம் போனோம். அதற்கு முன்பே ஒரு பரிசோதனை மையத்தில் கணுக்கால் அழுத்தம் எடுத்தோம், 1.5 வந்தது. நார்மல் என்று தாளில் போட்டுக் கொடுத்தார்கள். சிஸ்டர் எழுதியதைப் படிக்காமல் இருந்தால் நேரே வீட்டுக்குத்தான் போயிருப்போம். நிபுணர் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கட்டை விரலில் எடுத்தார். 24. முழங்காலுக்குக் கீழே உள்ள மூன்று தமனிகளில் இரண்டு அடைப்பு.

சிறுநீரகத்துக்காக முதல் நாளே சலைன் ஏற்றி, சாய மருந்தைக் குறைத்துப் போட்டு பலூன் செய்தார்கள். ஒரு தமனி முழுக்கத் திறந்தது. அன்று ராத்திரி அப்பா காலைக் கட்டிலுக்கு மேலேயே வைத்துத் தூங்கினார். நாலைந்து நாள் கழித்து விரலை எடுத்தார்கள். வெட்டும்போது ஓரத்தில் ரத்தம் நன்றாக வந்தது என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். இப்போது புண்ணில் சிவப்புச் சதை ஏறுகிறது.

வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்தது. டிக்கெட் கிழித்த காலத்துப் பழக்கமாம், எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது!

இனி என்ன கவனிக்க வேண்டும்? சமயபுரத்துக்குப் பாதயாத்திரை வேண்டிக்கொண்டாராம், புண் ஆறியதும் போகணும் என்கிறார்.


ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

நல்ல செய்தி. பாதயாத்திரை கூடாது. செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடந்து உள்ளங்கால் கொப்பளித்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு சித்திரையிலும் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு நடக்கும்போது சூடே தெரிந்திருக்காது. பஸ்ஸில் போய் இறங்கட்டும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். உச்சி வெயிலில் கல் தரையில் சுற்றாமல் காலையிலேயே கும்பிட்டுவிட்டு வரட்டும்.

அடுத்த காலையும் டாப்ளர் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அடுத்த தடவை கேளுங்கள். ஒரு காலில் இவ்வளவு அடைப்பு இருந்தால் மற்றது சுத்தமாக இருக்க வாய்ப்புக் குறைவு. புண் ஆறியதும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, பாதத்தை அளவெடுத்துச் செய்தது. பின்னால் வார் இருக்க வேண்டும். போடுவதற்கு முன் தினமும் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும், கல், ஆணி எதுவும் அவருக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் அம்மாவோ நீங்களோ பாதத்தைத் திருப்பி அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். விரலிடுக்கில் எண்ணெய் தடவ வேண்டாம், துடைத்துக் காயவிடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக் கடையில் விற்கும் ஆசிட் பிளாஸ்டர் ஒட்டுவதும் இந்த வீட்டில் இனி நடக்கக் கூடாது. எலி உள்ள வீடு என்றால் ராத்திரி கொசுவலை கட்டுங்கள். சிரிக்காதீர்கள், உணர்ச்சியில்லாத காலை எலி கடித்து, காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பலூன் போட்ட இடம் மறுபடி அடைக்கலாம். கெண்டைக்கால் பிடிப்போ, காலைத் தொங்கப் போடுவதோ திரும்ப வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அதோடு கொழுப்பு மாத்திரை, மூன்றையும் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொழுப்பு நார்மல்தானே என்று மூன்றாவதை நிறுத்துகிறவர்கள் அதிகம், அது தமனிக்காகக் கொடுப்பது. பல் பிடுங்கப் போனாலும் ரத்தம் நீர்க்கும் மாத்திரைகளைப் பல் டாக்டர் சொன்னார் என்று நிறுத்தாமல், இந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.